முகம் மாறக் கூடாது

சில வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு மதிய நேரம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஜவுளிக்கடையின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. அந்தப் போனில் வந்த செய்தியைச் சொல்வதற்கு முன்னால், அந்த மாடி அறையில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் இதை இன்றுவரை மறக்கவில்லை என்பது உங்களுக்குப் புரியாது.

நான் சட்டம் படித்தவன். படித்து முடித்த கையோடு கோர்ட்டுக்குப் போகாமல், மாதச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு சென்னைக்கும் சேலத்துக்கும் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைந்தேன். பதில்கள் எல்லாம் தெரியும். காட்டிக்கொடுத்தது என் முகம்தான். எதிரில் இருப்பவர் லேசாக உதட்டைப் பிதுக்கினால் போதும், எனக்குக் காது சிவந்துவிடும், அடுத்த கேள்விக்குத் தெரிந்த பதிலும் மறந்துவிடும். கடைசியில் "நீங்க போகலாம்" என்றால் நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்து, இழுக்க வேண்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பேன். ஒரு இடத்தில் அந்த ஆபீஸ் பையனே வந்து கதவைத் திறந்துவிட்டு என்னை வெளியே அனுப்பினான்.

இதை வீட்டில் சொன்னபோது அத்தா, எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விழுந்து விழுந்து சிரித்தார். நாற்பது வருடமாகத் துணி விற்கிறவர்.

"ஒரு அம்மா வந்து கடைல இருக்கிற பொடவ பூரா பிரிச்சுப் போட்டுட்டு, ஒண்ணும் புடிக்கலன்னு எந்திரிச்சுப் போவும். அப்ப என் மூஞ்சி மாறுச்சுன்னா அது மறுபடி நம்ம கடப் படி ஏறுமா? போய்ட்டு வாங்கம்மான்னு சிரிச்சுக்கினே மடிக்கணும். உனக்கு அதுதான் வரல."

எனக்கு அது சுருக்கென்று பட்டது. ஆனால் மனதில் நின்றும் விட்டது.

பிறகு நான் ஊரிலேயே வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு தொழில் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் சட்டம் படிக்கிறார்கள். வடக்கனந்தல், சின்னசேலம், எலவனாசூர்கோட்டை என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்ததும் அடுத்து என்ன என்று சொல்ல ஆள் கிடையாது. பெரிய கம்பெனிக்காரர்கள் யாரும் இவர்களைத் தேடிக் கல்லூரி வாசலுக்கு வரமாட்டார்கள். நான் பட்ட பாடு இவர்களும் படவேண்டாம் என்று, கடை மாடியில் துணி மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்து, வாரத்தில் சில நாட்கள் எல்லோரையும் வரச் சொன்னேன். எந்த வேலைக்கு எப்போது விளம்பரம் வருகிறது என்று பார்த்துச் சொல்வது, பயோடேட்டாவைத் திருத்துவது, பேங்கில் சட்ட அதிகாரி வேலை என்றால் என்ன படிக்க வேண்டும், அரசுத் தேர்வு என்றால் என்ன படிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பது, இதுதான் எங்கள் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக நேர்முகத் தேர்வு ஒத்திகை.

அந்த ஒத்திகையில் ஒரே ஒரு சட்டம்தான். முகம் மாறக் கூடாது.

நான் தலைவர் நாற்காலியில் உட்காருவேன். பக்கத்தில் இரண்டு பேர். வருகிறவர் எவ்வளவு நன்றாகப் பதில் சொன்னாலும் சரி, கடைசியில் நான் மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு "நீங்கள் போகலாம்" என்றுதான் சொல்வேன். எங்கள் மாடியில் ஒருத்தருக்கும் வேலை கிடைத்ததே இல்லை! அவர் "தேங்க் யூ சார்" என்று சொல்லி, நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளி, லேசாகத் தலையாட்டிவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போக வேண்டும். முகத்தில் ஒரு சுருக்கம் தெரிந்தாலும் மறுபடி முதலில் இருந்து. சரியாகச் செய்தவர் கீழே போய் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வரலாம். ஜவுளிக்கடைச் சட்டத்தை வக்கீல்களுக்குப் போட்டுவிட்டேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

அந்தக் கூட்டத்துக்குத்தான் கல்வராயன் மலையில் இருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் சட்டம் படித்த முதல் ஆள் அவள்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டு, சனி ஞாயிறுகளில் கச்சிராயபாளையம் வழியாகப் போகிற பஸ்ஸில் மலைக்குப் போய் வருவாள். வந்த புதிதில் அவள் பேசுவது அவளுக்கே கேட்காது. கேள்வி கேட்டால் கண்ணில் தண்ணீர் நிற்கும். "நீங்கள் போகலாம்" என்றதும் பொலபொலவென்று அழுதுவிடுவாள். இந்தப் பெண் தேறாது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அவள் விடவில்லை. மற்றவர்கள் ஒரு தடவை செய்தால் அவள் மூன்று தடவை கேட்டு வாங்கிச் செய்வாள். ஒரு வருடத்தில் எங்களிலேயே அவளைப் போல் முகத்தை வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. பையன்கள் வேண்டுமென்றே எரிச்சல் ஊட்டுகிற மாதிரி கேட்பார்கள். மலையில் கரன்ட் உண்டா, கோர்ட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்றெல்லாம். அவள் புன்னகை மாறாமல் பதில் சொல்லிவிட்டு, நாற்காலியைப் பூப்போல் தள்ளிவிட்டுப் போவாள். எல்லோருக்கும் டீ சொல்கிற வேலை தினம் அவளுக்கே ஆகிப்போனது. சிவில் நீதிபதி வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதினாள். அதிலும் தேறிவிட்டாள். சென்னையில் நேர்முகத் தேர்வுக்குத் தேதியும் வந்தது.

அந்தச் சந்தோஷத்தில் அவளுடைய அப்பா ஒரு நாள் எங்களைப் பார்க்க வந்தார். தோளில் ஒரு பெரிய பலாப்பழம். மரவள்ளியும் சாமையும் போடுகிற விவசாயி. நல்ல உயரமான மனிதர். கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிற சட்டைகளில் தலை படாமல் குனிந்துதான் உள்ளே வந்தார், மாடிப்படிக் கதவிலும் குனிந்தார். அத்தா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, மலையில் மழை எப்படி என்று ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகு அவர் மாடியில் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்து, மகளின் ஒத்திகையைப் பார்த்தார். அன்றைக்கு அவள் பிரமாதமாகச் செய்தாள். நான் வழக்கம்போல் கடுகடுவென்று "நீங்கள் போகலாம்" என்றேன். அவளும் "தேங்க் யூ சார்" என்று எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். என்னிடம் வந்து, கை இரண்டையும் கட்டிக்கொண்டு கேட்டார்.

"ஏங்க சார், எம் பொண்ணு எல்லாத்துக்கும் பதில் சொல்லிச்சேங்க. அப்பறம் ஏன் போவச் சொல்ட்டீங்க?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். இது சும்மா ஒத்திகை, ஏமாற்றத்தைத் தாங்கிப் பழகுவதற்காக இப்படிச் செய்கிறோம் என்று விளக்கினேன். அவரும் வெட்கத்தோடு சிரித்தார். ஆனால் படி இறங்கும்போது திரும்பி நின்று, "பழக்கத்துக்குன்னாலும் ஒருவாட்டியாவது வேல கெடைச்சிருச்சுன்னு சொல்லக் கூடாதுங்களா? கேட்டுட்டுப் போவேன்" என்றார்.

அதை நிஜமான ஆட்களே சொல்லுவார்கள், அப்போது கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் போன். அவள் எங்கள் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒத்திகைக்கு உட்காருகிறவர்கள் போனை அணைத்துவிடுவது வழக்கம் என்பதால், அவளுடைய சித்தப்பா எனக்குக் கூப்பிட்டிருக்கிறார். மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டோம், மலை இறங்கிக்கொண்டிருக்கிறோம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். நாங்கள் போய் நின்ற கொஞ்ச நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் அவருடைய கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவரை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் மூன்று பேரும், அவள், சித்தப்பா, நான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மலைத் தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டிருந்தார். நானும் எனக்குத் தெரிந்த துஆவை ஓதிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நர்ஸ் வந்து, நோயாளியின் மகளை டாக்டர் கூப்பிடுகிறார் என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நானும் கூடப் போனேன்.

ஒரு சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் டாக்டர். எதிரில் ஒரு நாற்காலி. அவள் உட்கார்ந்தாள், நான் கதவு ஓரம் நின்றேன். அந்த டாக்டர் நல்ல மனிதர். அவசரப்படாமல், நிதானமாக, மலையில் இருந்து கொண்டுவருவதற்குள்ளேயே நிலைமை கையை மீறிவிட்டது, எங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை அம்மா என்று சொன்னார். சொல்லிவிட்டு, அவள் அழுவாள் என்று அதற்குத் தயாராகக் கைகளை மேஜையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அவள், "தேங்க் யூ சார்" என்றாள்.

எழுந்தாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னால் தள்ளினாள். லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, கதவைத் திறந்து வெளியே போய், மெதுவாகச் சாத்தினாள்.

டாக்டர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் என்னவென்று சொல்வேன்? ஒரு வருடமாக அந்த மாடியில் நான் பார்த்துப் பார்த்துச் சபாஷ் சொன்ன அதே எழுந்திருத்தல், அதே தலையாட்டல். ஒரு பிசகு இல்லை.

வெளியே வந்தால், அவள் அதற்குள் சித்தப்பாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டாள். மலைக்குப் போன் செய்து, அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், பெரியம்மாவைப் பக்கத்தில் போய் இருக்கச் சொல்லுங்கள் என்றாள். உடலை ஏற்றிப்போக வண்டிக்குச் சொன்னாள். அந்த முகம் அப்படியே இருந்தது. எனக்குத்தான் பயமாக இருந்தது. அழுதால் பிடித்துக்கொள்ளலாம், இதை எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை.

வண்டி வர நேரமாகும் என்றார்கள். சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கோடித் துணி எடுத்துக்கினு போவணும்மா. மேல போனா கெடைக்காது" என்றார். அவள் உடனே கிளம்பிவிட்டாள். நான் வாங்கி வருகிறேன் என்று சொன்னதைக் கேட்கவில்லை. பைக்கில் மறுபடி எங்கள் கடைக்கு வந்தோம்.

அத்தாவுக்கு நான் போனில் முன்பே சொல்லியிருந்தேன். கடையில் வேறு ஆள் இல்லை. அவள் உள்ளே வந்து, மேஜைக்கு முன்னால் நேராக நின்று, அப்பாவுக்குக் கோடி வேண்டும் என்று தெளிவாகக் கேட்டாள். சட்டைத் துணி கேட்கிற மாதிரி கேட்டாள். அத்தா வெள்ளைத் துணிக் கட்டை எடுத்து மேஜையில் உருட்டினார்.

எங்கள் வழக்கத்தில் இறந்தவரைச் சுற்றுகிற கஃபன் துணியை ஆளின் உயரம் பார்த்துத்தான் வெட்டுவார்கள். அவர்களுடைய வழக்கத்தில் அதெல்லாம் பார்க்க வேண்டியதில்லை, மேலே போர்த்துகிற துணிதான். ஆனால் அத்தாவுக்கு வெள்ளைத் துணியை எடுத்தால் வாய் தானாக அந்தக் கேள்வியைத்தான் கேட்கும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்தபடியே கேட்டார்.

"அப்பா இன்னா ஒயரம்மா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்பாவின் உயரத்தை எந்தப் பெண் அளந்து வைத்திருக்கிறாள்? ஆயிரம் கேள்விகள் கேட்டுப் பழக்கியிருந்தோம், இப்படி ஒரு கேள்வியை நாங்கள் யாரும் கேட்டதில்லை. அவள் வலது கையைத் தூக்கித் தன் தலைக்கு மேல் வைத்துக் காட்டினாள். அது போதவில்லை என்று அவளுக்கே தோன்றியது போல. இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். குதிகாலை எக்கினாள். கை இன்னும் மேலே போனது. ஒரு இடத்தில் நின்றது.

அந்தக் கையை அவள் அண்ணாந்து பார்த்தாள். அங்கே அவருடைய முகம் இருந்திருக்க வேண்டும். சின்ன வயதில் இருந்து அப்படித்தானே அண்ணாந்து பார்த்திருப்பாள்.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. நெற்றி, கண், வாய் எல்லாம் ஒவ்வொன்றாகக் கலைந்தன. "அப்பா" என்று ஒரு சத்தம். தூக்கிய கையை இறக்காமலே அழுதாள். அந்த அழுகையை நான் எழுத முடியாது. வாசலில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

அத்தாவைப் பார்த்தேன். எத்தனை ஆயிரம் பேர் துணியைக் கலைத்துப் போட்டுவிட்டுப் போனாலும் சிரித்தபடியே மடிக்கிறவர். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் துணியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு அந்தத் துணியைத் தள்ளி வைத்துவிட்டு, உள்ளே இருந்து புதுக் கட்டு ஒன்றை எடுத்து, நான்தான் வெட்டினேன். அவள் காட்டிய உயரத்துக்கும் மேலே கொஞ்சம் தாராளமாகவே வெட்டினேன்.

நானும் அவர்களோடு மலைக்குப் போனேன். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைந்து வளைந்து ஏறியது. அவள் அப்பாவின் கால் பக்கம் உட்கார்ந்து, நீட்டிக்கொண்டிருந்த பாதங்களை முந்தானையால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஓயாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அது ஏதோ ஆறுதலாக இருந்தது. ஊரை நெருங்கும்போது என்னிடம், "அந்த டாக்டருக்குத் தேங்க்ஸ் சொன்னேன்ல அண்ணா" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப வேற இன்னா சொல்றதுன்னே தெரியல. பழகினதுதான் வந்துச்சு. அது இல்லன்னா அங்கியே வுழுந்திருப்பேன்" என்றாள். என் வருத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னாளா, நிஜத்தைச் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

கருமாதிக்கு முன்பே நேர்முகத் தேர்வு நாள் வந்துவிட்டது. துக்கம் முடியாமல் மகள் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று ஊரில் சிலர் சொன்னார்களாம். அவளுடைய அம்மாதான், அவர் இருந்தால் அனுப்பியிருப்பார் என்று பஸ் ஏற்றிவிட்டார். சென்னையில் எல்லாக் கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொல்லியிருக்கிறாள். நடுவில் ஒருவர், சாதாரணமாக எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை. ஒரு அம்மா எழுந்து வந்து தண்ணீர் கொடுத்தாராம்.

வெளியே வந்ததும் எனக்குப் போன் செய்தாள். "மூஞ்சி மாறிடுச்சு அண்ணா" என்றாள். மாறட்டும்மா என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. அழுததாலா, வேறு காரணமா, யாருக்குத் தெரியும். இப்போது எங்கள் ஊர் கோர்ட்டிலேயே வக்கீலாக இருக்கிறாள். மலையில் இருந்து வருகிறவர்கள் அவளைத் தேடித்தான் வருகிறார்கள். அடுத்த தடவை விளம்பரம் வந்தால் மறுபடி எழுதுவேன் என்கிறாள். அவள் கறுப்புக் கோட்டில் வாதாடுவதை அவர் ஒரு நாள் கூடப் பார்க்கவில்லை என்பதுதான், அவளைக் கோர்ட் வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

மாடி அறை இன்னும் நடக்கிறது. கடுகடு மூஞ்சியும், "நீங்கள் போகலாம்" என்பதும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் வெளியே உலகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஒருவர் நிஜமான தேர்வுக்குக் கிளம்புவதற்கு முந்தைய கடைசி ஒத்திகையில் மட்டும், அவர் அப்பாவோ அம்மாவோ யாராவது ஒருவரைக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லி, அந்தத் துணி மூட்டை மேல் உட்காரவைக்கிறேன். கேள்விகள் முடிந்ததும் எழுந்து நின்று, "வேலை உங்களுக்குத்தான்" என்று சொல்கிறேன். ஒத்திகைதான் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் இதுவரை அந்த அறையில் ஒருத்தர் முகமும் மாறாமல் இருந்ததில்லை. மாடிப்படிக் கதவில் குனிந்து இறங்கிய அந்த மனிதரின் காதில் அதை ஒரே ஒரு தடவை போட்டு அனுப்பியிருக்கலாமே என்று, ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என் முகமும் மாறிவிடுகிறது.